சுமை இறங்கியது யாருக்கு?

கூடலூரில் புறப்பட்டுக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியே தேனி நோக்கி வரும் சாலையில் ஒருமுறையேனும் சென்றவர்கள் அக்காட்சியை மறக்கமாட்டார்கள். இருபுறமும் மலை. நடுவே முல்லைப் பெரியாற்று நீர் பாயும், ஏறத்தாழ 14,700 ஏக்கர் இருபோக வயல். திராட்சைப் பந்தல்கள். தென்னந்தோப்புகள். வளம் கொழிக்கும் பள்ளத்தாக்கு என்று பாடாத வாயில்லை.

அதே சாலைக்கு விடியுமுன் சென்று பாருங்கள், தோழர்களே! ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களைக் காணலாம். கையிலே தூக்குச் சட்டி, தலையிலே கடன். வயலின் வளத்தைப் பாடிய வாய்கள், இந்தச் சுமையைப் பாடுவது அரிது.

இந்தப் பள்ளத்தாக்கிலே, கம்பத்துக்கு அருகே, இராயப்பன்பட்டி என்றோர் ஊர். பனிமய மாதா கோயிலால் பெயர் பெற்ற கத்தோலிக்க ஊர். அப்பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் இராயப்பர். சீர்திருத்தச் சபையார் பேதுரு என்று அழைக்கும் அதே சீடர். இயேசுவிடம் ஒரு கேள்வி கேட்டவர் அவர். எனக்குத் தீங்கு செய்தவனை எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா என்றார். ஏழெழுபது முறை மன்னிக்க வேண்டும் என்பது விடை என மத்தேயுவின் ஏடு கூறுகிறது.

பகுத்தறிவாளர்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நான் அதை விரும்பவில்லை. நம்பிக்கையால் வரும் மன்னிப்பு, மன்னிப்பால் வரும் அமைதி என்னும் கருத்து, தமிழ்நாட்டில் பல இலட்சம் உள்ளங்களை ஆள்வது. நம் இலக்கியத்திலும் இடம்பெற்றது. அதனைத் துருவிப் பார்ப்பது திறனாய்வாளன் கடமை. நான் எழுப்பும் கேள்வி ஒன்றே: அந்த அமைதி யாருக்குக் கிடைக்கிறது? பாவம் செய்தவனுக்கா? பாவத்துக்கு இரையானவனுக்கா?

இதற்கு விடை தேட இரண்டு தமிழ் நூல்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 1894 ஆம் ஆண்டில் வெளிவந்தது; மற்றொன்று 1992 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முதலாவது, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். நெல்லைச் சீமையிலே 1827 ஆம் ஆண்டில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, தமிழ் பயின்று, சாயர்புரத்திலே தமிழாசிரியராய் இருந்து, 1858 ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். கிறித்தவக் கம்பர் என்று பாராட்டப்பட்டவர். ஐந்து பருவங்களும் 3,766 செய்யுட்களும் கொண்டது அவருடைய காப்பியம். மூலக்கதை இங்கிலாந்துக்காரர் ஜான் பன்யனுடையது.

பன்யன் மாளிகையில் பிறந்தவரல்லர். பாத்திரங்களின் ஓட்டை உடைசல்களைச் சரிசெய்து பிழைத்த தொழிலாளி. அரசின் ஒப்புதல் பெறாது போதித்தார் என்று பன்னிரண்டு ஆண்டு சிறையில் அடைக்கப்பட்டவர். 1678 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கதையின் சுருக்கம் இது: முதுகிலே பெருஞ்சுமை கொண்ட ஒருவன், தன் ஊர் அழியப்போவதை அறிந்து ஓடுகிறான். சேற்றில் விழுகிறான், எழுகிறான், சிலுவை நிற்கும் மேட்டை அடைகிறான். அங்கே அவன் கை படாமலே சுமை கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் துள்ளிக் குதிக்கிறான். அந்தச் சுமைதான் பாவம். அந்தத் துள்ளல்தான் மன்னிப்பு தந்த அமைதி.

கிருஷ்ண பிள்ளை இதனை அப்படியே பெயர்த்துத் தரவில்லை. கம்பனிடம் கற்ற ஓசையிலே, சிலுவைப்பாடுகளின் வரலாற்றையும் உள்ளே புகுத்தி, தமிழ்க் காப்பியமாகவே ஆக்கினார். தன்னைக் கொல்வோரை மன்னிக்கும்படி இறக்கும் தறுவாயிலே வேண்டுகின்ற ஒரு மனிதனின் துயரத்தை அவர் பாடும் இடம், கடவுளை ஏற்காத நெஞ்சையும் தொடும். ஒருவனைக் கட்டி வைத்து அடிக்கும் அதிகாரத்தின் முன்னே அவன் காட்டும் பெருமிதம், மதம் கடந்த மாண்பு. இதனை மறுப்பவன் திறனாய்வாளன் அல்லன், வழக்காடி.

பாராட்டு இருக்கட்டும். நூலின் கருத்து என்ன?

மனிதன் பிறக்கும்போதே பாவி என்பது அக்கருத்தின் அடித்தளம். ஆதி மனிதன் செய்த பிழை, அவன் வழிவந்தோர் அனைவர் முதுகிலும் ஏறியிருக்கிறது என்கிறது சமயம். தேனிப் பகுதி மக்களுக்கு இப்படிப்பட்ட கணக்கு புதிதன்று! குற்றப் பரம்பரைச் சட்டம் என்றொரு சட்டம் இருந்தது. பிறமலைக் கள்ளர் குடியில் பிறந்தவன் என்ற ஒரே காரணத்துக்காகக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, அந்த இழிவை மறுத்து நின்ற மக்கள் மீது காவலர்கள் சுட்டார்கள். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டார்கள். 1947 ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. பிறப்பே குற்றம் என்றது சட்டம். பிறப்பே இழிவு என்றது சாதி. பிறப்பே பாவம் என்றது சமயம். மூன்றும் ஒன்றல்ல, ஆனால் மூன்றும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மேல் கணக்கெழுதுகின்றன.

மூன்றும் ஒன்றல்ல என்று ஏன் சொன்னேன்? சட்டமும் சாதியும் சிலரை மட்டுமே கீழே தள்ளின. சமயமோ, எல்லாரும் பாவிகள் என்றது. ஜமீன்தாரும் பாவி, அவர் வாசலில் நிற்கும் பண்ணையாளும் பாவி என்ற சொல்லில் ஒரு சமத்துவம் ஒளிந்திருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் அந்த ஒளியைக் கண்டுதான் ஓடினார்கள். 1834 ஆம் ஆண்டில் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1847 ஆம் ஆண்டில், சாதியை விடாதவனுக்குச் சபையில் இடமில்லை என்று உறுதி பூண்டது. அதனால் உபதேசியார்களையே இழக்க நேர்ந்தபோதும் அஞ்சவில்லை. இது பாராட்டத்தக்க துணிவு.

ஆனால் சமத்துவம் எல்லாக் கோயில்களின் உள்ளும் புகவில்லையே! நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே, 1872 ஆம் ஆண்டில், சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து நின்று வழிபட ஏற்றவாறு, கால்சட்டை வடிவில் ஒரு கோயிலே கட்டினார்களே! 1910 ஆம் ஆண்டில்தானே உள்ளிருந்த தடுப்பு இடிக்கப்பட்டது! அத்தனை ஆண்டுகளும் சுவரின் இருபுறத்தாரும் ஒரே பீடத்தை நோக்கி மண்டியிட்டார்கள். ஒரே மன்னிப்பைக் கேட்டார்கள். அமைதியோடு வீடு திரும்பினார்கள். சுவர் மட்டும் அங்கேயே நின்றது.

இரட்சணிய யாத்திரிகத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. பயணியின் சுமை கழன்று விழுகிறது, சரி. அந்தச் சுமை எதனால் ஆனது? யாரை அடித்தான், யார் கூலியைப் பிடித்தான், யாரைத் தெருவுக்கு அப்பால் நிறுத்தினான்? அந்தக் கணக்கு கதையின் மையத்தில் இல்லை. அவன் கடவுளுக்கு எதிரே குற்றவாளி, கடவுளே மன்னிக்கிறார், கதை முடிந்தது. பன்யனின் கதைத் தலைவன் மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அந்த மனைவிக்கு 1684 ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பாகத்தில்தான் பயணமே கிடைத்தது. வீடுபேறு என்பது தனி மனிதனின் ஓட்டமாகிவிட்டால், பின்னே நிற்பவர்களின் குரல் காதில் விழாது. அழகான ஓட்டம்தான். ஆனால் ஓட்டம்!

இனி இரண்டாவது நூலுக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, வருசநாட்டு மலைகளைத் தாண்டி இறங்கினால் வத்திராயிருப்பு வட்டாரம். அதை அடுத்த புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் பாமா. ஆசிரியையாய் இருந்தார். ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று நம்பிக் கன்னியர் மடம் புகுந்தார். அந்த மடத்தையும் துறந்து வெளியே வந்தார். வந்தவர் எழுதிய தன்வரலாறுதான் கருக்கு. பனைமட்டையின் இருபுறமும் இரம்பப் பற்கள் போல் இருப்பதுதான் கருக்கு. பற்றியவன் கையை அது கிழிக்கும். அவர் நூலும் அப்படித்தான்.

காப்பியத்தின் செந்தமிழ் அதிலே இல்லை. தெருவின் பேச்சு இருக்கிறது. அதனாலேயே அது இலக்கியமன்று என்றனர் சிலர். காப்பியம் காட்டாத ஒன்றை அது காட்டியது: சுமையை ஏற்றியவர் யார் என்பதை!

அறியாச் சிறுமிகளுக்குப் பேயச்சம் ஊட்டிப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிறுத்துகிறார்கள். சிறுமி என்ன பாவம் செய்திருப்பாள்? தின்பண்டம் எடுத்திருப்பாள், பொய் சொல்லியிருப்பாள். அதற்காக அவள் நடுங்குகிறாள். அதே ஊரில், அவள் பாட்டி மேல்சாதி வீட்டில் பாடுபட்டுவிட்டு, எட்டி நின்று, தொடாமல் ஊற்றப்படும் சோற்றை வாங்குகிறாள். அந்தப் பாவத்தை யார் எந்தக் கூண்டில் போய் அறிக்கையிட்டார்கள்? பொறுமை, பணிவு, கீழ்ப்படிதல் என்று ஒடுக்கப்பட்டவர்களுக்கே பாடம் நடந்தது. நீதி என்ற பாடம் நடக்கவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள், மன்னிப்புக் கேட்பவர்களாக மண்டியிட்டு நிற்கும் கொடுமையை, இத்தனை தெளிவாகத் தமிழில் காட்டிய நூல்கள் சிலவே.

கருக்கு கடவுளை மறுக்கும் நூல் அன்று. நம் இளைஞர்கள் அதனைக் கவனிக்க வேண்டும். ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவை அது கைவிடவில்லை. அவரை மடத்துச் சுவருக்குள் பூட்டியவர்களைத்தான் கேள்வி கேட்கிறது. பகுத்தறிவின் கேள்வி பகுத்தறிவாளன் வாயிலிருந்து மட்டுமே வரும் என்று எண்ணுவது பேதைமை.

கத்தோலிக்கத் திருச்சபை இன்று பாவசங்கீர்த்தனத்தை ஒப்புரவு அருட்சாதனம் என்று தமிழில் அழைக்கிறது. அருமையான சொல்! திருக்குறளிலே ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. உழைத்துச் சேர்த்த பொருளைத் தகுதியுடையார்க்குப் பயன்படச் செய்தல், ஊரோடு ஒத்து வாழ்தல் என்பது அங்கே பொருள். சொல்லைக் கடன் வாங்கியவர்கள் பொருளையும் வாங்கினால் நலம். அவர்களுடைய போதனையிலேயே பாவியின் கடமைகள் வரிசையாக உள்ளன: தன்னைத் தானே ஆராய்தல், மனம் வருந்துதல், இனிச் செய்யேன் என்று உறுதி கொள்ளல், வாய்விட்டுச் சொல்லல், பரிகாரம் செய்தல். திருடிய பொருளைத் திருப்பித் தரவேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும் என்றும் போதிக்கிறார்கள். ஏட்டிலே உள்ளது இது. பரிகாரம் சில செபங்களோடு முடிந்துவிடுகிறதா, பறித்த கூலியைத் திருப்பித் தரும் வரை செல்கிறதா என்பதே நடப்பிலே எழும் கேள்வி.

விவிலியத்திலேயே இதற்கு விடை உண்டு. சகேயு என்றொரு வரித் தண்டல்காரன், குள்ளன், அத்திமரத்தில் ஏறி நின்று இயேசுவைப் பார்த்தவன். மனம் மாறியதும் அவன் அழுதுகொண்டு மட்டும் நிற்கவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றான். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அதன் பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று லூக்காவின் ஏடு எழுதுகிறது. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் மனத்தாங்கல் கொண்ட சகோதரனோடு ஒப்புரவாகு என்றும் ஓர் அறிவுரை மத்தேயுவின் ஏட்டில் இருக்கிறது. பீடத்துக்குப் போகும் வழி, பக்கத்து வீட்டு வாசல் வழியே செல்கிறது! இதனைச் சொன்ன சமயத்தார் வடக்கன்குளத்தில் சுவர் எழுப்பினார்கள் என்றால், பிழை எங்கே என்று அவர்களே சொல்லட்டும்.

மன்னிப்பே வேண்டாம் என்று சொல்ல வந்தவனா நான்? அல்லன். 1999 சனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரிலே, தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்துவந்த கிரகாம் ஸ்டெயின்ஸ் என்பவரும், பிலிப், திமொத்தி என்னும் அவருடைய இரு சிறுவர்களும், வண்டிக்குள் உறங்கும்போது வெறியர்களால் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ், கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். தொழுநோயாளர் இல்லத்தை விட்டு உடனே ஓடிவிடவில்லை. தங்கித் தொண்டைத் தொடர்ந்தார். 2005 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இந்த மன்னிப்பின் முன் நான் தலை வணங்குகிறேன். அது நம்பிக்கையிலிருந்து வந்தது என்று அவர் சொன்னால் மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆயினும் இரண்டைக் கவனியுங்கள். மன்னித்தவர், இழந்தவர். வேறு யாரும் அவருக்காக மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி அவருக்கு ஆணையிடவும் இல்லை. அடுத்து, அவர் மன்னித்ததனால் வழக்கு மூடப்படவில்லை. நீதிமன்றம் தன் வழியே சென்றது. தலைமைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பு அவருடைய உள்ளத்தின் விடுதலை. நீதி நாட்டின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ஆகவே என் அளவுகோல் இது: இழந்தவன் தானே மனமுவந்து தரும் மன்னிப்பு மாண்பு. இழந்தவனை நெருக்கி வாங்கும் மன்னிப்பு இரண்டாம் கொள்ளை. இழந்தவனைக் கேளாமலே, அவன் தலைக்கு மேலே, கடவுளிடம் பெற்று வரும் மன்னிப்பு, செய்தவனுக்குத் தாலாட்டு.

இனி நம் பக்கம் திரும்புவோம். பாவசங்கீர்த்தனக் கூண்டைப் பார்த்து நகைக்கிறோம். நாம் நம்மையே மன்னித்துக்கொள்ளும் விரைவை என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? மேடையிலே சாதி ஒழிப்பு. வீட்டிலே சாதி பார்த்துப் பெண் எடுத்தல். கேட்டால், அம்மாவின் மனம் நோகும் என்கிறோம்; காலம் மாறும் என்கிறோம். தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்டும் வாளா இருந்துவிட்டு, அன்று மாலை பகுத்தறிவுக் கூட்டத்தில் கைதட்டினால் மனம் இலேசாகிவிடுகிறது. கடவுள் இல்லாத பாவமன்னிப்பு இது! பாதிரியாராவது பரிகாரம் என்று ஏதோ ஒன்று சொல்லி அனுப்புகிறார். நமக்கு நாமே தரும் மன்னிப்பில் அதுகூட இல்லை.

இராயப்பரின் கேள்விக்கு ஏழெழுபது என்று விடை சொன்ன கையோடு, இயேசு ஒரு கதையும் சொல்கிறார். பெருந்தொகை கடன்பட்ட ஓர் ஊழியனை அரசன் மன்னித்து விடுகிறான். வெளியே வந்த ஊழியன், தனக்குச் சிறுதொகை தரவேண்டிய மற்றோர் ஊழியனின் கழுத்தை நெரிக்கிறான். அரசனுக்குச் செய்தி எட்டுகிறது. தந்த மன்னிப்பு திரும்பப் பறிக்கப்படுகிறது. இயேசு கற்பித்த மன்றாட்டிலும், பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலே, பாவம் என்று இல்லை. கடன் என்றே இருக்கிறது.

கடன்! கம்பம் பள்ளத்தாக்குக்கு இச்சொல்லின் பொருளை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒருவர் ஞாயிறுதோறும் மண்டியிட்டுத் தம் கடனை மன்னிக்க மன்றாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் விடியலில், முன்பணத்துக்கு வட்டி கட்டமுடியாத பெண்ணின் கூலியில் பிடித்தம் செய்கிறார். அவர் கிறித்தவராக இருக்கலாம். சுருளிக்குப் போய்த் தலைமுழுகி வருபவராக இருக்கலாம். கறுப்புச் சட்டைக்காரராகவும் இருக்கலாம். அவருக்கு அன்றிரவு அமைதியான உறக்கம் வரலாம். அவள் சுமை இறங்கவில்லை.

கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தைப் படியுங்கள். தமிழுக்காகவும், துன்பத்தில் நிமிர்ந்து நின்ற ஒரு மனிதனின் ஓவியத்துக்காகவும். உடனே கருக்கையும் படியுங்கள். முதல் நூலில் ஒருவன் முதுகிலிருந்து சுமை விழுகிறது. இரண்டாம் நூல், அது போன்ற சுமைகள் யார் முதுகில் போய் விழுகின்றன என்று காட்டுகிறது. இரண்டையும் படித்து முடித்தபின் உங்கள் தெருவைப் பாருங்கள். உங்கள் வீட்டையும் பாருங்கள். யாருக்கு என்ன திருப்பித் தரவேண்டும் என்று கணக்கெடுங்கள். தந்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அது அவர்கள் உரிமை. தருவது நம் கடன்.